திருக்கோவலூர் ராணிக்கு முகம் எங்கே?

திருக்கோவலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ஒரு ராணியின் முடிவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பகுதியை ஆண்ட மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்ததும், பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு அவள் உடன்கட்டை ஏறியதைக் கல்வெட்டு செய்யுளாகவே சொல்கிறது. வள்ளல் பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த செய்தியும் அதே கல்வெட்டில்தான் வருகிறது. ஊர்ப்பெருமை பேச வந்த கல்லில் இரண்டு தீ!

ஆனால், வானவன் மாதேவி பார்க்க எப்படி இருந்தாள் என்று மட்டும் அந்தக் கல் சொல்லவில்லை.

பரோக் கால ஐரோப்பாவில் கதை நேர்மாறு. அங்கே ராணியின் முகம் தாளில் அச்சாகிப் பல கைகளுக்குப் போனது. பிரான்சின் ராபர்ட் நாந்தேய் இதில் பெரிய கை. சுவீடன் ராணி கிறிஸ்டினா முடிதுறந்த 1654ஆம் ஆண்டிலேயே அவளுடைய உருவத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கினார். பதினான்காம் லூயியின் தாய், ஆஸ்திரியாவின் ஆன் அரசியையும் விடவில்லை.

வேலை நுணுக்கமானது. கூரிய எஃகு உளியால் தகட்டில் கோடு கீற வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. துணிக்கும் கூந்தலுக்கும் நீண்ட கோடுகள். கன்னத்துக்கோ பொடிப்பொடியான கீறல்களும் புள்ளிகளும். பிறகு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் கீறலுக்குள் நின்ற மை தாளில் ஏறும். நீள்வட்டச் சட்டத்தைச் சுற்றி ராணியின் பேரும் பட்டமும் வேறு. ஒரு தகடு, பல பிரதிகள். 1660இல் லூயி மன்னர், செதுக்குவேலை கைத்தொழில் அல்ல, சுதந்திரமான கலை என்றே ஆணையிட்டார்.

தமிழ்நாட்டிலும் ராணிகளுக்கு உருவம் செய்தார்கள். பரப்புவதற்காக அல்ல, வழிபாட்டுக்காக. வானவன் மாதேவியின் மகள் குந்தவை, தஞ்சைப் பெரிய கோயிலில் தாய்க்கும் தந்தைக்கும் செப்புப் படிமம் எடுத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. திருக்கோவலூரில் எழுத்து மட்டும் கிடைத்த பெண்ணுக்குத் தஞ்சையில் மகள் உடம்பு கொடுத்தாள் என்றே சொல்லலாம்.

நாந்தேய் 1678இல் இறந்தார். பதினோரு ஆண்டு கழித்து மதுரை ஆட்சி ராணி மங்கம்மாள் கைக்கு வந்தது. அவளுடைய உருவம் மீனாட்சியம்மன் கோயில் விதானத்தில் வண்ணத்தில் தீட்டப்பட்டது. பிரதி கிடையாது, பார்க்க வேண்டுமானால் மதுரைக்குத்தான் போக வேண்டும்.