குறுஞ்செய்தியும் விளிச்சொல்லும்

குறுஞ்செய்தி தமிழைக் கெடுக்கிறது என்னும் முறையீட்டை ஆசிரியர் கூட்டங்களில் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். எழுத்துப் பிழை, ரோமன் எழுத்தில் தமிழ், பாதி ஆங்கிலம் கலந்த தொடர் ஆகியவையே அங்குச் சான்றாகக் காட்டப்படும். இவை வகுப்பறையில் திருத்தக் கூடியவை. நாம் இங்கு ஆராய விழைவது, உறவைச் சுமக்கும் சொற்கள் கைப்பேசித் திரையில் என்ன ஆகின்றன என்பதை.

ஒருவரை அழைக்கத் தமிழில் வா, வாடா, வாம்மா, வாங்க, வாருங்கள் எனப் பல வடிவங்கள் உண்டு. வினைச்சொல் ஒன்றே, விகுதிதான் இருவருக்கும் இடையிலுள்ள வயதையும் மதிப்பையும் நெருக்கத்தையும் சொல்லிவிடுகிறது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வகுத்துவிட்டது. அவ்வளவு பழைய வழக்கு இது.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் நாள் பிரிட்டனில் அனுப்பப்பட்டது. ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் 70 மட்டுமே. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் கொள்வதால் 'நீ' என்பதற்கு 2 இடம் போதும்; 'நீங்கள்' என்பதற்கோ 7 வேண்டும். மரியாதைக்குக் கூடுதல் விலை! மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானபோது, கைப்பேசியில் தமிழ் எழுத்திலேயே செய்தி அனுப்பும் வழி பிறந்தது. இன்றைய செயலிகளில் இடநெருக்கடி அறவே இல்லை. ஆயினும் இளையோர் பலர் ரோமன் எழுத்தையே நாடுகின்றனர். சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

காரணம் நம் மொழியின் இரட்டை வழக்கில் இருக்கிறது. குறுஞ்செய்தி, பேச விரும்பும் எழுத்து. 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று தோழிக்கு எழுதினால் அறிவிப்புப் பலகை பேசுவது போல் இருக்கும். 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று தமிழ் எழுத்தில் எழுதப் பள்ளியில் பழக்கவில்லை. எழுதினால் பிழையோ என்று கை தயங்குகிறது. ரோமன் எழுத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. ஆகவே, இங்கு எழுத்தைத் தேர்வது நெருக்கத்தைத் தேர்வதாகிறது. (நம் இளையோர் தமிழ்த் தொடரின் இறுதியில் ஒட்டும் 'லா'வும் அப்படித்தான். 'வாப்பா' என்பதிலுள்ள 'ப்பா' செய்யும் வேலையையே அது செய்கிறது. அதன்மேல் நமக்குக் கோபமில்லை.)

இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. 'சரி' என்னும் ஒரு சொல்லைக் குரல் உடன்பாடாகவும் சலிப்பாகவும் சினமாகவும் ஆக்கும். திரையில் குரல் இல்லை. அதன் பணியைச் 'சரிங்க', 'சரிம்மா', 'சரிதான்' என்னும் ஒட்டுகளே ஏற்க வேண்டும். அவற்றையும் விட்டுவிட்டு வெறும் 'சரி' என அனுப்பினால், படிப்பவர் தம் மனநிலைக்கேற்ற குரலை அதில் ஏற்றிக்கொள்கிறார். பல மனத்தாங்கல்கள் இவ்வாறே தொடங்குகின்றன. விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்வருகிறேன்' என்பது நம் மரபு. குறுஞ்செய்தி உரையாடலுக்கோ விடைபெறுதலே இல்லை. அது பாதியில் நின்றுவிடுகிறது. ஒத்த வயதினர் இதைப் பொருட்படுத்துவதில்லை. மூத்தோர் காத்திருக்கின்றனர்.

பேரப்பிள்ளைகள் பாட்டிக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும் வீடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தகவல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால், 'பாட்டி, சாப்பிட்டீங்களா?' என்னும் கேள்வியில் உணவு பற்றிய விசாரணை சிறு பங்குதான். விளியும் 'ஈங்க' என்னும் ஈறும்தான் பெரும்பங்கு. அவை இரண்டும் ஆங்கிலத்தில் உதிர்ந்துவிடுகின்றன. பாட்டியோடு தமிழில் பேசும் வாய்ப்பு வேறெங்கும் இல்லாத பிள்ளைக்கு அவ்வீற்றைப் பழகும் இடமும் போய்விடுகிறது. குரல்பதிவாக அனுப்பும் குடும்பங்களில் இந்நிலை ஓரளவு மாறியிருக்கிறது. பாட்டிமாரே அதில் முன்னோடிகள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். 'இன்று வர இயலாது' என்னும் ஒரே செய்தியைத் தோழனுக்கும் அத்தைக்கும் ஆசிரியருக்கும் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டில் பேச்சு வழக்குக்கு இடம் கொடுங்கள். சிவப்பு மையை எடுக்க வேண்டாம். பிறகு பெறுநர் பெயரை மறைத்து, எது யாருக்கு எழுதப்பட்டது என்று மற்ற மாணவர்களைக் கண்டுபிடிக்கச் செய்யுங்கள். அவர்கள் எந்தச் சொல்லைக் கொண்டு கண்டுபிடித்தார்கள் என்பதிலிருந்து அன்றைய இலக்கணப் பாடத்தைத் தொடங்கலாம்.