சம கனம் வேறு, நேர் வேறு

கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்றுக்குத் தடை ஏதும் இல்லை. குமுளி மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், இந்தப் பக்கம் உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் வந்து சேர்வது பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். தென்னை மட்டைகளைத் திருகிப் போடும் அந்தக் காற்று, கொல்லையில் அறுத்து அடுக்கிய வேப்பம்பலகையையும் விட்டுவைப்பதில்லை. காற்றுப் படும் முகம் முதலில் காய்ந்து சுருங்கும். மறுமுகம் ஈரத்தோடு அப்படியே இருக்கும். வெயிலில் போட்ட அப்பளம்போலப் பலகை ஓரம் தூக்கிக்கொள்ளும்.

வீட்டில் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை வைத்திருப்பவருக்கு முதல் எதிரி இந்த வளைவுதான். விழுந்த வேம்பையோ தோட்டத்து மாமரத்தையோ அறுவை மில்லில் பலகையாக்கிக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் வளைந்த பலகையில் ஒரு மூலைகூடச் சரியாகப் பொருந்தாது. ஆசாரிகள் இழைப்புளியால் மணிக்கணக்கில் தள்ளி நேராக்கிய அந்த வேலையை இன்று மேசைமேல் வைக்கும் அளவுள்ள ஒரு பிளானர் திக்னஸர் எந்திரம் செய்துகொடுக்கிறது. விலை குறைந்த ரகங்கள் பெரும்பாலும் 8 அல்லது 10 அங்குல அகலப் பலகையைத்தான் ஏற்கும். மோட்டார் 1500 வாட் அளவில் இருக்கும். எந்திரத்தின் மேல்பக்கம் முகத்தை நேராக்கும். கீழ்ப்பக்கம் கனத்தைச் சமமாக்கும். நடுவில் பிளேடுகள் பொருத்திய ஒரே வெட்டுத்தலைதான். அது இரண்டுக்கும் பொதுவாகச் சுழல்கிறது.

எந்திரம் வாங்கிய கையோடு பலரும் செய்வது, வளைந்த பலகையை நேரே கீழ்ப்பக்கத்தில் செருகுவது. ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும் பலகை பளபளவென்று இருக்கும். அதைத் தரையில் வைத்துப் பார்த்தால் பழைய வளைவு அப்படியே இருக்கும். எந்திரத்தின்மேல் குற்றம் இல்லை. கீழ்ப்பக்கத்தில் பலகையை இழுக்க இரண்டு உருளைகள் உண்டு. அவை பலகையை அடித்தட்டோடு அழுத்துகின்றன. அழுத்தியதும் வளைவு தற்காலிகமாக நிமிர்கிறது. நிமிர்ந்த நிலையிலேயே பிளேடு மேல்முகத்தைச் சீவுகிறது. உருளையை விட்டு வெளியே வந்ததும் மரம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது கையில் இருப்பது எல்லா இடத்திலும் ஒரே கனமுள்ள, அழகாக இழைக்கப்பட்ட வளைந்த பலகை. அடியில் இருக்கும் முகத்தைப் பார்த்து, அதற்கு இணையாக மேலே இன்னொரு முகம் உண்டாக்குவதுதான் கீழ்ப்பக்கத்தின் வேலை. அடிமுகம் கோணலாக இருந்தால் அந்தக் கோணலைத்தான் அது நகலெடுக்கும்.

ஆகவே நேர் என்பது மேல்பக்கத்தில்தான் பிறக்கிறது. அங்கே மேசை இரண்டு துண்டாக இருக்கிறது. பலகை உள்ளே போகும் மேசை, வெளியே வரும் மேசையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு கனம் சீவப்படும். வெளிமேசை, பிளேடு சுற்றும் வட்டத்தின் உச்சியோடு துல்லியமாகச் சரிமட்டமாக இருக்க வேண்டும். குழிந்த முகத்தைக் கீழே வைத்து, இரண்டு ஓரமும் மேசையில் படியும்படி மெல்லத் தள்ளுகிறோம். முதல் சில அங்குலம் சீவப்பட்டு வெளிமேசையில் வந்து அமர்ந்ததும் கையின் அழுத்தத்தை அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதன்பின் பலகைக்கு வழிகாட்டுவது பழைய கோணல் முகம் அல்ல, இப்போதுதான் பிறந்த புதுமுகம். தன்னால் உண்டான நேரையே பிடித்துக்கொண்டு பலகை மேற்கொண்டு நேராகிறது. இந்த எந்திரத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான். மோட்டாரின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முழுக்க முழுக்க வடிவியல்.

வெளிமேசை மயிரிழை உயர்ந்திருந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டும், அல்லது போகப் போகச் சீவல் மெலிந்துகொண்டே வரும். தாழ்ந்திருந்தால் பலகையின் வால் உள்மேசையை விட்டு விலகும் கணத்தில் கீழே விழுந்து, கடைசி அங்குலத்தில் ஒரு பள்ளம் விழும். மலிவு எந்திரங்கள் பலவற்றில் வெளிமேசை அசையாதது. அதனால் பிளேடைத்தான் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். புது எந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், உள்மேசையை வெளிமேசையின் மட்டத்துக்கு ஏற்றி, நேரான ஓர் இரும்புப் பட்டையை இரு மேசைகளின்மேலும் சேர்த்து வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது நல்லது. அரைநாள் செலவானாலும் கவலையில்லை. அந்த அரைநாளில் மலிவு எந்திரம் பாதி விலையுயர்ந்த எந்திரமாகிவிடும்.

மேசை குட்டையாக இருப்பதுதான் சிறிய எந்திரத்தின் உண்மையான குறை. மேல்மேசையின் மொத்த நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பலகையை அதில் நம்பிக்கையோடு நேராக்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. நேரான தடித்த பிளைவுட்டின்மேல் கோணல் பலகையை வைத்து, ஆடும் மூலைகளுக்கு அடியில் ஆப்புச் செருகி அசையாமல் செய்து, இரண்டையும் சேர்த்துக் கீழ்ப்பக்கத்தில் செலுத்த வேண்டும். இப்போது எந்திரம் நகலெடுப்பது பிளைவுட்டின் நேரை. மேல்முகம் நேரானதும் பலகையைத் திருப்பிப் போட்டு, ஆப்பும் பிளைவுட்டும் இல்லாமல் மறுமுகத்தை இழைத்துக்கொள்ளலாம்.

இழைத்த முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிறது. உண்மையில் அது அலைகளின் வரிசை. நிமிடத்துக்கு 8500 சுற்று, இரண்டு பிளேடு என்றால் நிமிடத்துக்கு 17,000 வெட்டு. உருளைகள் பலகையை நிமிடத்துக்கு 6 மீட்டர் இழுத்தால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே பலகை நகர்வது சுமார் 0.35 மி.மீ. ஒவ்வொரு வெட்டும் வட்டத்தின் ஒரு துணுக்கு என்பதால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களுக்கு நடுவே ஒரு மேடு நிற்கும். வெட்டுத்தலையின் விட்டம் 48 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் அந்த மேட்டின் உயரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு பிளேடு மற்றதைவிட நூறில் ஒரு மி.மீ. மட்டும் உயர்ந்து நின்றாலும், தாழ்ந்த பிளேடு கடைசி முகத்தைத் தொடவே தொடாது. உயர்ந்த பிளேடு ஒன்று மட்டும் முகத்தை முடிக்கும். அலைகளின் இடைவெளி இரட்டிப்பாகும். உயரம் நான்கு மடங்காகும். வார்னிஷ் பூசிய மேசையில் மாலை வெயில் சாய்வாக விழும்போது குறுக்கே வரிவரியாகத் தெரிவது இதுதான்.

அந்த 17,000 வெட்டு இன்னொரு கணக்கையும் சொல்கிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். அதற்குள் 50க்கு மேற்பட்ட வெட்டுகள் விழுந்துவிடும். ஓர் அடிக்குக் குறைவான துண்டை மேல்மேசையில் தள்ளக் கூடாது. கையுறை போடக் கூடாது. மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. பலகையைத் தள்ள எப்போதும் பிடி வைத்த தள்ளுகட்டை வேண்டும். பழங்காலத்தில் வெட்டுத்தலை சதுரமாக இருந்தது. சதுரத்துக்கும் மேசைக்கும் இடையிலான பெரிய இடைவெளி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. கையால் தள்ளும் எந்திரங்களுக்கு உருண்டை வெட்டுத்தலைதான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1922இல் விதி செய்தது. எத்தனையோ விரல்கள் போன பிறகு வந்த விதி அது. எந்திரம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. சாமுவேல் பெந்தம் இங்கிலாந்தில் இழைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1791இல். சுழலும் பிளேடையும் பலகையை இழுக்கும் உருளையையும் சேர்த்து அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் காப்புரிமை பெற்றது 1828இல். இன்று வீட்டு மேசைமேல் நிற்கும் எந்திரத்தின் எலும்புக்கூடு அப்போதே முழுமையாகிவிட்டது.

எந்திரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், வேலையைத் தீர்மானிப்பது மரம்தான். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. நெடுக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. வளர்வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தேக்கு அடக்கமான மரம் என்று பெயரெடுத்தது. அதற்கே முழுதும் காயும்போது இவை 5.8 சதவீதமும் 2.5 சதவீதமும் ஆகும். வளையத்தை ஒட்டி அறுத்த 200 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, ஈரப்பதம் 4 சதவீதம் மாறினாலே ஒன்றரை மி.மீ. கூடிக் குறையும். கோடைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே இவ்வளவு மாற்றம் நம் வீடுகளில் இயல்பாகவே நடக்கும். மழைக்காலத்தில் கதவு இறுகுவதற்கும் காரணம் இதுவே.

இந்த இடத்தில்தான் பொறுமையில்லாதவர்கள் நல்ல மரத்தை வீணாக்குகிறார்கள். வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் பலகையில் ஒரு முகத்தை மட்டும் இழைத்தால், காய்ந்த தோல் போய் ஈரமான உடம்பு அந்தப் பக்கம் மட்டும் வெளியே வருகிறது. மாலையில் கண்ணாடிபோல நேராக வைத்த பலகை காலையில் குழிந்திருக்கும். எந்திரத்தைத் திட்டுவார்கள். இரண்டு முகத்திலும் ஏறக்குறைய சம அளவு சீவ வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்தி, பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து, இருபுறமும் காற்றோடும்படி நிழலில் சில நாள் விட்டு, பிறகு இறுதி அளவுக்கு வர வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள் வாரத்துக்கு ஒரு முறை ஒரே பலகையை எடைபோட்டால் போதும். எடை குறைவது நின்றுவிட்டால், அந்த ஊரின் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று பொருள். இத்தனைக்கும் பிறகு ஓர் அங்குலமாக அறுத்த பலகை முக்கால் அங்குலமாகத்தான் மிஞ்சும். மில்லில் அறுக்கச் சொல்லும்போதே இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

வேம்புக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் நார் ஒரே திசையில் ஓடாது. சில ஆண்டு வளர்ச்சி இடப்பக்கம் சாய்ந்து திருகும். அடுத்த சில ஆண்டு வலப்பக்கம். அதனால் ஒரே முகத்தில் ஒரு பட்டை பிளேடுக்கு இணங்கியும் பக்கத்துப் பட்டை எதிர்த்தும் நிற்கும். எதிர்த்து நிற்கும் இடத்தில் பிளேடு வெட்டுவதற்கு முன்பே மரம் பிளந்து பெயர்ந்துவிடுகிறது. ஆசாரியின் இழைப்புளியில் பிளேடுக்குமேல் படுத்திருக்கும் இரண்டாவது தகடு, சீவலை உடனே மடக்கி ஒடித்து இந்தப் பெயர்ச்சியைத் தடுக்கும். எந்திரத்தில் அதற்கு இணையான உறுப்பு இல்லை. அங்கே சீவலின் கனத்தைக் குறைப்பதுதான் வழி: கடைசி ஓட்டங்களில் அரை மி.மீ.க்கும் கீழே. பிளேடும் அன்றைக்குத் தீட்டியதாக இருக்க வேண்டும். அதன்பின்னும் பெயர்ந்த இடங்களைக் கை இழைப்புளிக்கு விட்டுவிடுவதே மரியாதை.

ஊர் வேம்பில் ஆணி இருக்கும். கொடிக்கயிறு கட்ட அடித்தது, தட்டி மாட்ட அடித்தது என்று மரம் எல்லாவற்றையும் உள்ளே விழுங்கி மேலே தோல் மூடியிருக்கும். பலகையில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. ஒரே ஆணி இரண்டு பிளேடையும் ஒரே நொடியில் கெடுத்துவிடும். வலுவான காந்தத்தை முதலில் நெடுக ஓட்டிப் பார்க்காமல் பலகையை உள்ளே விடக் கூடாது.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர். விளக்குக்கு வைத்த சிறிய பிளக் அதற்குப் போதாது. கீசருக்கு வைக்கும் பெரிய பிளக் வேண்டும். மெல்லிய ஒயரில் நீட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே மின்னழுத்தம் இறங்கி மோட்டார் சூடாகும். எந்திரத்தின் சுருதி இதைக் காட்டிக்கொடுத்துவிடும். சுமை கூடும்போது சத்தம் தணிந்து இறங்கும். உடனே சீவல் கனத்தைக் குறைக்க வேண்டும். காதுக்கு அடைப்பும் மூக்குக்கு முகமூடியும் கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. ஆடிக்காற்று நாளில் திறந்த கொல்லையில் வேலை செய்வது நல்லதுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தூள் நம்மை விட்டுப் போகும். அடுத்த வீட்டுத் துணிக்கொடி எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் நான் மிகவும் ஆசையோடு பார்ப்பது தென்னையை. காய்ப்பு நின்ற மரங்கள் பெரும்பாலும் விறகாகவோ செங்கல் சூளைக்கோ போய்விடுகின்றன. தென்னைக்கு வளையம் கிடையாது, கிளைக்கணு கிடையாது. கெட்டியான நார்க்கட்டுகள் பட்டை ஓரமாக நெருங்கியும், நடுவே போகப் போக விலகியும் நிற்கும். வெளிப்புற மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். அது தரைக்கும் சட்டத்துக்கும் தாங்கும். 400க்குக் கீழான நடுப்பகுதி பாரம் தாங்காது. ஒரே பலகையில் ஓர் ஓரம் இரும்பாகவும் மறு ஓரம் பஞ்சாகவும் அமைந்துவிட்டால், இழைக்கும்போது பஞ்சுப் பக்கம் மயிர்மயிராகக் கிளம்பும், இரும்புப் பக்கம் பிளேடைத் தேய்த்துவிடும். அறுக்கும்போதே பட்டை ஓரத்துப் பலகைகளைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். அவற்றை நன்றாகக் காயவிட்டு, அன்றைய மற்ற மர வேலையெல்லாம் முடிந்தபின் மெல்லிய சீவலாகக் கடைசியில் இழைப்பது வசதி. எப்படியும் அதற்குப்பின் பிளேடைக் கழற்றித் தீட்டத்தான் வேண்டியிருக்கும்.