ரவை அளவு ஜல்லி, சொட்டுச் சொட்டாக ஃபெவிகால்... மாடல் ரயில் பாதைக்கு ஜல்லி போடுவது எப்படி?

புனேயில் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்துக்குப் போனாலும் சரி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்டுக்குப் போனாலும் சரி, எல்லோருடைய கண்ணும் ஓடும் ரயில் மீதுதான் இருக்கும். அந்த ரயில் பொம்மையாகத் தெரியாமல் நிஜ ரயிலாகத் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம், தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஜல்லி. அதை யாரும் கவனிப்பதில்லை.

வீட்டு மேஜையில் மாடல் ரயில் அமைப்பவர்கள் அதிகம் பயப்படுவதும் இந்த ஜல்லி வேலைக்குத்தான். தண்டவாளம் கோணலாகிவிட்டால் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஆனால், ஜல்லி மேல் பசை ஊற்றிய பிறகு தவறு தெரிந்தால், பல மாத உழைப்பு ஒரே ராத்திரியில் இறுகிப்போய்விடும். அதனால், ரயிலைப் பல நாள்கள் ஓட்டிப் பார்த்து, எங்கும் தடம் புரளவில்லை, எங்கும் கரன்ட் விட்டுப்போகவில்லை என்று உறுதியான பிறகுதான் ஜல்லியைத் தொட வேண்டும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு நிறம் அடிப்பதாக இருந்தால், அதையும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

எந்த அளவு ஜல்லி?

நிஜ ரயில் பாதையில் ஜல்லிக்குப் பெரிய வேலை இருக்கிறது. ரயிலின் எடையைப் பரப்பி மண்ணுக்குக் கடத்துவது, மழைத் தண்ணீரை வடியவிடுவது, ஸ்லீப்பர் கட்டைகள் நகராமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அதுதான். உருண்டைக் கூழாங்கல் உருண்டு ஓடிவிடும் என்பதால்தான் உடைத்த கருங்கல்லைப் போடுகிறார்கள். அதன் கூரான முனைகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும்.

இந்திய ரயில்வே பயன்படுத்தும் ஜல்லி பெரும்பாலும் 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஹெச்.ஓ அளவு மாடல் என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 65-ஐ 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. 20-ஐ வகுத்தால் கால் மில்லிமீட்டருக்கும் கீழே. அதாவது, நம் சமையலறை ரவை அளவு! இன்னும் சிறிய என் அளவு மாடல் 160-ல் ஒரு பங்கு என்பதால், அதற்கு ரவையைவிடப் பொடியான கல் வேண்டும். (அதற்காக ரவையையே கொட்டிவிடாதீர்கள். எறும்பும் வண்டும் வரிசையாக வந்துவிடும்.)

பலரும் சறுக்கும் இடமும் இதுதான். கண்ணுக்குக் கல்லாகத் தெரிய வேண்டும் என்று பெரிய துகளாக எடுத்துவிடுகிறார்கள். ஒட்டி முடித்துப் பார்த்தால், ரயிலின் கீழே பாறாங்கற்கள் கிடப்பதுபோல இருக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சிறியதையே எடுப்பது புத்திசாலித்தனம்.

கடைகளில் கிடைக்கும் ஜல்லியில் இரண்டு வகை உண்டு. உட்லேண்ட் சீனிக்ஸ் போன்ற பிராண்டுகளில் வருவது அரைத்த வால்நட் ஓடு. பரப்புவது சுலபம். ஆனால், எடை குறைவு என்பதால் பசைத் தண்ணீர் பட்டதும் மிதந்து நகரும். நிஜக் கல்லை உடைத்துச் செய்தது கனமாக, போட்ட இடத்தில் நிற்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. கட்டட வேலைக்கு வாங்கும் எம்-சாண்ட் பெரும்பாலும் உடைத்த கருங்கல்தான். நிறமும் முனையும் அப்படியே நம்மூர் ஜல்லி. டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதை ஒதுக்கி, தண்ணீரில் நான்கைந்து முறை அலசித் தூசியைப் போக்கி, வெயிலில் காயவைத்தால் போதும். தூசி இருந்தால் பசை உள்ளே இறங்காமல் மேலே ஆடைபோலப் படிந்துவிடும்.

எந்த மணலாக இருந்தாலும், காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதன் மேல் பல முறை ஓட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டினால், ஒட்டுவது நிற்கும்வரை எடுத்துவிட வேண்டும். குட்டி இன்ஜினின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது. பாதையில் கிடக்கும் இரும்புத் துகளை அது உள்ளே இழுத்துக்கொண்டால் மோட்டார் போச்சு. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் கறுப்பு மணல் பார்க்க அழகுதான். ஆனால் அதில் இரும்பு கலந்த கனிமங்கள் அதிகம், உப்பும் சேரும். அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

பசை இறங்கும் நேரம்

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஸ்பூனால் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பிறகு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிச் சமப்படுத்தி, தண்டவாளத்தை விரலால் லேசாகத் தட்டினால், ஸ்லீப்பர் மேல் நிற்கும் துகள்கள் கீழே விழும். தண்டவாளத்தின் உள்பக்கம் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாது. சக்கரத்தின் விளிம்பு ஓடும் இடம் அது. வேலையின் பெரும்பகுதி நேரம் இந்த பிரஷ்ஷில்தான் போகும். இங்கே அவசரப்பட்டால் பசை காப்பாற்றாது.

அடுத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றி, பனி விழுவதுபோல மேலே தெளிக்க வேண்டும். வெறும் தண்ணீர் உருண்டு நின்று ஜல்லியைக் குழியாக்கும். சோப்பு கலந்தது உள்ளே இறங்கும். நன்றாக நனைந்த பிறகு, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பால்போல வெள்ளையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். காய்ந்ததும் நிறம் தெரியாது. ஆனால், கல்லின் நிறம் கொஞ்சம் அடர்ந்துவிடலாம் என்பதால், முதலில் ஓர் அட்டைத் துண்டில் ஒட்டிக் காயவைத்துப் பார்ப்பது அவசியம்.

பாதை பிரியும் பாயின்ட்டில் மட்டும் தனி ஜாக்கிரதை வேண்டும். அங்கே நகரும் பட்டைகளுக்குக் கீழே ஒரு சொட்டுப் பசை போனாலும் பாயின்ட் அசையாது. அந்த இடத்தில் ஜல்லியை மிக மெல்லியதாகத் தூவி, நகரும் பாகத்தைச் சுற்றிக் காலியாகவே விட்டுவிடுவார்கள் அனுபவசாலிகள். அடியில் அடர் சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டால், ஜல்லி இல்லாதது கண்ணுக்குத் தெரியாது. பசை காயும்வரை பாயின்ட்டை அவ்வப்போது இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியும் இறுகிவிட்டால்? வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பல்குச்சியால் மெதுவாகக் கிளறினால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். மழைக்காலம் என்றால் இரண்டு நாள்கூட ஆகலாம். பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடைத்தால்தான் இன்ஜினுக்கு கரன்ட் கிடைக்கும். ஒட்டாமல் நிற்கும் துகள்களுக்கு, வேக்யூம் கிளீனரின் வாயில் பழைய மெல்லிய சாக்ஸைக் கட்டி உறிஞ்சவிட்டால், ஜல்லி சாக்ஸிலேயே தங்கிவிடும். அதை அப்படியே டப்பாவில் கொட்டி, காந்தத்தை ஒருமுறை காட்டிவிட்டு, அடுத்த பாதைக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம்.