பாடசாலைக்காக ஒரு மன்றாட்டு

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில், வல்லை வெளியை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் அச்சுவேலி. செம்மண் தோட்டங்களாலும் சந்தையாலும் பெயர்பெற்ற இவ்வூரில் சைவரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். மத்திய கல்லூரி, புனித திரேசா மகளிர் கல்லூரி முதலிய கல்விக்கூடங்களும் இங்கே உள்ளன. பரீட்சைக் காலம் அண்மியதும் கோயில்களிலே பிள்ளைகளின் பெயரால் அருச்சனை நிகழும். தேவாலயங்களிலே அவர்களுக்காக மன்றாட்டு எழும். இவற்றுள், பாடசாலைக்காகக் கிறிஸ்தவர் செய்யும் செபத்தின் பொருள் யாது, அதன் வரலாறு யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

தனக்கென வேண்டுவது ஒருவகைச் செபம். பிறர்க்கென வேண்டுவது மற்றொரு வகை. பின்னையதையே மன்றாட்டு என்பர். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் விடுத்தார். நீங்கள் குடியிருக்கும் அந்த நகரத்தின் நலனை நாடுங்கள், அதற்காக இறைவனை வேண்டுங்கள், அதன் நலனிலேயே உங்கள் நலனும் அடங்கியுள்ளது என்பது அதன் கருத்து. அந்நகரத்தார் வேறு சமயத்தினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தம்மவர்க்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்குமாக வேண்டும் கடமைக்கு இக்கடிதம் ஓர் அடிப்படை.

யாழ்ப்பாணத்தில் இச்செபம் பாடசாலையோடு இரண்டு நூற்றாண்டுகளாகப் பிணைந்துள்ளது. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. அச்சுவேலியும் காலப்போக்கில் அம்மிசனின் ஊழியத் தளங்களில் ஒன்றாயிற்று. மாதத்தின் முதல் திங்கட்கிழமையன்று கூடிச் செபிக்கும் வழக்கம் அக்காலத்துப் புரட்டஸ்தாந்த சபைகளிடையே உலகெங்கும் பரவியிருந்தது; யாழ்ப்பாண மிசனரிமாரும் அதனைக் கைக்கொண்டனர். 1824இல் தெல்லிப்பழை விடுதி மாணவரிடையே தோன்றிய ஆன்மிக எழுச்சி ஏனைய நிலையங்களுக்கும் பரவிற்று. 1825 ஜனவரியில் சண்டிலிப்பாயில் நாற்பத்தொருவர் ஒரே நாளில் சபையிற் சேர்க்கப்பட்டனர்.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. மிசனரிமார் மாணவர்க்காகச் செபித்தபோது, அவர்கள் மதம் மாறவேண்டும் என்பதே அச்செபத்தின் முதன்மையான வேண்டுதல். பெற்றோரோ, பிள்ளை எழுத்தும் எண்ணும் ஆங்கிலமும் கற்று உத்தியோகம் பெறவேண்டும் என்றே அனுப்பினர். ஒரே வகுப்பறையின்மேல் இருவேறு வேண்டுதல்கள் எழுந்தன. இம்முரண் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவப் பிள்ளை தன் சமயத்தை விடாமலே கல்வி பெறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மறுபுறம், மாணவர் ஊழியத்தை விட்டு உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்பது உள்ளிட்ட காரணங்களால் 1855இல் செமினரியே மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது, சுதேச மக்களின் முயற்சியும் சேர்ந்தமையாலேயே ஆகும்.

பின்னர் நிலைமை படிப்படியாக மாறிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு ஏற்றது. இன்று அரசாங்கப் பாடசாலைகளிலே சமயம் ஒரு பாடம். அவரவர் சமயத்தை அவரவர் பயில்கின்றனர். பாடசாலையின் உரிமை சபையின் கையை விட்டுச் சென்றது. அதன்மேலுள்ள அன்பு செல்லவேண்டியதில்லை. அதிகாரம் இல்லாதவிடத்து எழும் செபமே தூய செபம் எனலாம். ஏனெனில், அங்கே கட்டாயப்படுத்த ஒன்றுமில்லை. வேண்டிக்கொள்ள மட்டுமே உண்டு.

அவ்வாறாயின் எதனை வேண்டுவது? 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பாடசாலைகள் வெறிச்சோடின. வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் சில, உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தம் மாணவரைக் காணாதிருந்தன. சைவப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை என்று அத்துன்பம் வேறுபாடு பார்க்கவில்லை. ஆகவே அச்சுவேலியின் செபமும் வேறுபாடு பார்த்தலாகாது. காலையுணவின்றி வரும் பிள்ளை, தந்தையை இழந்த பிள்ளை, கணிதத்திற் பின்தங்கி வெட்கி நிற்கும் பிள்ளை, மனஞ்சோர்ந்த ஆசிரியர் ஆகிய எல்லாருமே அதனுள் அடங்குவர்.

இன்னுமொன்று. செபத்தின் பலன் பரீட்சைப் பெறுபேற்றால் அளக்கப்படுவதன்று. அவ்வாறு அளப்போமாயின், சித்தியடையாத பிள்ளை இறைவனாற் கைவிடப்பட்டதாகிவிடும். பிள்ளையின் நெஞ்சில் அத்தகைய எண்ணத்தை விதைப்பது பெருங்கொடுமை. மேலும், ‘அறையினுள் நுழைந்து கதவைச் சாத்தி அந்தரங்கத்தில் வேண்டுக’ என்னும் கருத்துப்பட இயேசுபிரான் போதித்துள்ளார். காட்சிக்காகச் செய்யும் செபத்திற்கு அங்கே இடமில்லை. வேற்றுச் சமய மாணவரை அதற்கு வற்புறுத்தி நிறுத்துவதற்கும் அவ்வாறே இடமில்லை.

செபம் கேட்பவனையும் கடமைப்படுத்துகின்றது. ஏழை மாணவனுக்காக ஞாயிறன்று வேண்டியவன், திங்களன்று அவனுக்கு ஒரு கொப்பியேனும் வாங்கிக் கொடுத்தல் வேண்டும். பிள்ளைகளின் ஒற்றுமைக்காக வேண்டியவன், அயல் வீட்டாரின் சாதியையும் சமயத்தையும் பற்றித் தன் வீட்டில் இழிவாகப் பேசுதலை நிறுத்துதல் வேண்டும். அங்ஙனம் வேண்டுதலும் வாழ்வும் இணையுமிடத்து, தேவாலயத்தில் எழும் மன்றாட்டும் கோயிலில் எழும் தேவாரமும் ஒரே பாடசாலைக்கு நிழல்தரும் இரு மரங்களாகும். அந்நிழலிற் படிக்கும் பிள்ளை, அதை எம்மரம் தந்தது என்று கேளாமலே வளரும்.