ஜாரா வனமும் அதன் பயன்களும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்துக்குக் கிழக்கிலும் தெற்கிலும், டார்லிங் மலைத்தொடர் மீது ஜாரா வனம் பரந்துள்ளது. ஜாரா என்பது யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்த பெருமரமாகும். இப்பிரதேசத்தில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை நீண்டது, வறண்டது. மண்ணோ சத்துக் குறைந்த சரளை மண். எனினும், மரத்தின் வேர்கள் மிக ஆழத்திற்குச் சென்று நீரை உறிஞ்சுகின்றன. காட்டுத் தீயில் இளமரம் கருகினாலும், அடியிலுள்ள கிழங்கு போன்ற பகுதியிலிருந்து புதுத் தளிர்கள் தோன்றுகின்றன.

செந்நிறமான இதன் மரம் கறையானாலும் ஈரத்தாலும் எளிதில் கெடுவதில்லை. ஆதலால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைக் கட்டைகளாக இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டது. லண்டன் வீதிகளிலும் பதிக்கப்பட்டது. இதன் தேனும் பெயர் பெற்றது. மண்ணடியில் பாக்சைட் கனிமம் கிடைக்கிறது.

இவ்வனத்தின் மற்றொரு பயன் கண்ணுக்குப் புலப்படாதது. கடலிலிருந்து காற்றும் மழையும் கொணர்ந்த உப்பு, நெடுங்காலமாக நிலத்தடியில் தேங்கியுள்ளது. மரங்கள் நீரை உறிஞ்சுவதால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தே நிற்கிறது. மரங்கள் அழிந்தால் அது உயரும். உப்பும் உடன் மேலெழும். 1903இல் திறக்கப்பட்ட முண்டேரிங் அணைக்கு மிகுதியான நீர் கிடைக்குமென்று கருதி, நீர்ப்பிடிப்புப் பகுதி மரங்களின் பட்டையை வளையமாக நீக்கி அவற்றை மாளச் செய்தனர். விளைவாக நீரில் உவர்ப்பு ஏறியது. பின்னர் மரங்களை மீண்டும் வளர்க்க நேர்ந்தது.

இன்று வேரழுகல் நோயும் குறைந்துவரும் மழையும் வனத்தை வாட்டுகின்றன. 2010–11இன் வறட்சியில் சில பகுதிகளில் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போயின. 2024 முதல் வணிக நோக்கிலான பெருமளவு மரவெட்டு நிறுத்தப்பட்டுள்ளது. வெட்டிய மரத்தினும் நிற்கும் மரமே விலைமிக்கது என்பது, உவர்த்த நீர் புகட்டிய பாடமாகும்.