மலிவான நகல், விலையுள்ள சான்று

அச்சுத் தொழில் என்றதும் நாளிதழும் புத்தகமும்தான் நினைவுக்கு வருகின்றன. வாசிப்பு கைப்பேசிக்குப் போய்விட்டதால் அச்சுக்கு இனி வாழ்வில்லை என்று அதே வேகத்தில் முடிவும் கட்டிவிடுகிறோம். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்குப் பட்டும் அரிசியும்தான் பெயர் வாங்கித் தந்தவை. இரண்டும் படிக்கும் பொருள்கள் அல்ல. ஆனால் அச்சு இல்லாமல் இரண்டும் ஊரைத் தாண்டுவதில்லை. புடவைக்கு அட்டைப்பெட்டி, கடைப்பை, விலைச்சீட்டு, முத்திரைச் சீட்டு. அரிசிக்கு ஆலையின் பெயரும் படமும் எடையும் பதித்த சாக்கு. இங்கிருந்து பார்த்தால் அச்சுச் சந்தையின் போக்கு தெளிவாகத் தெரிகிறது: செய்தியை மட்டும் சுமக்கும் அச்சு சுருங்குகிறது, பொருளோடு ஒட்டிய அச்சு பெருகுகிறது.

பாடநூல், புத்தகம், இதழ் எல்லாம் பதிப்பு அச்சு. துண்டறிக்கை, பில்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் வணிக அச்சு. இரண்டும் பெரும்பாலும் ஆப்செட் முறையில் நடப்பவை. எண்ணெய்ப் பசையுள்ள மை நீரோடு சேராது என்ற இயல்பைக் கொண்டு, அலுமினியத் தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும், அதிலிருந்து தாளுக்கும் உருவத்தை ஏற்றுகிறார்கள். படிகள் கூடக்கூட ஒவ்வொன்றின் மேலும் விழும் தகட்டுச் செலவு குறையும். ஆனால் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் அனுப்ப அந்தச் செலவும் இல்லை. எனவே செய்தியே சரக்காக இருந்த இடத்தில் அச்சு தோற்பது இயல்பு. அரிசிச் சாக்கின் கதை வேறு. பிளாஸ்டிக் இழை மையை உறிஞ்சாது. அதில் பதிக்க வளைந்துகொடுக்கும் தகடும் விரைந்து உலரும் மையும் கொண்ட பிளெக்ஸோ முறை வேண்டும். அதில் பதியும் எடைக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையிட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபின் 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்தன.

காகிதத்தில் இடம் இழந்த தொழில் பையிலும் பெட்டியிலும் ஒதுங்குகிறது, இதை வளர்ச்சி என்பதா என்று கேட்கலாம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. தமிழ் அச்சின் கதையை 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்திலிருந்து தொடங்குகிறோம். ஆனால் சிவகாசியை அச்சு நகரமாக்கியது புத்தகம் அல்ல. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. அந்தத் தேவையில் வேரூன்றிய தொழில்தான் பின்னர் காலண்டருக்கும் நோட்டுப்புத்தகத்துக்கும் பரவியது.

ஆரணி கவலைப்பட வேண்டிய துறை துணி அச்சு. தறியில் ஒரு புட்டா விழ, பாவின் எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் தீர்மானிக்கின்றன. டிசைன் மாறினால் அட்டையும் மாற வேண்டும். இங்க்ஜெட் துணி அச்சுக்கு அட்டையும் இல்லை, தகடும் இல்லை. கணினிக் கோப்பு மாறினால் போதும். பட்டு புரத இழை என்பதால் அமிலச் சாயம் அதோடு பிணைந்துகொள்ளும். அச்சிட்டு, நீராவியில் நிலைப்படுத்தி, அலசி எடுக்கிறார்கள். பாலியஸ்டரில் சுமார் 200 டிகிரி வெப்பத்தில் சாயம் ஆவியாகி இழைக்குள் புகும். இப்படி நெசவு டிசைனை அச்சிட்ட புடவையைப் புரட்டிப் பார்த்தால், டிசைனுக்கென ஓடிய தனி ஊடையின் தடம் இருக்காது. இணையக் கடையின் படத்தைப் புரட்ட வழியில்லை. குறைந்த விலைக்கு அச்சுப் புடவை வாங்குவது வாங்குபவரின் விருப்பம். அதில் குற்றம் இல்லை. அதை நெசவு என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

அந்த மோசடிக்கு மாற்றையும் அச்சுத் தொழிலே தருகிறது. ரூபாய் நோட்டு, முத்திரைத்தாள், பாஸ்போர்ட் போன்ற பாதுகாப்பு அச்சில், நகலெடுப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு மதிப்பு. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த சில்க் மார்க் சீட்டின் ஹாலோகிராமும் இந்த வகை. மிக நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியை வண்ணங்களாகப் பிரிப்பதால், சாதாரண நகல் இயந்திரத்தால் அதை எடுக்க முடியாது. சீட்டையே போலியாக அடிக்க மாட்டார்களா என்றால், முயல்வார்கள்; அதனால்தான் தனி எண்ணும் சேர்கிறது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சில்க் மார்க் இழை தூய பட்டு என்று மட்டுமே உறுதி சொல்கிறது. தூய பட்டில் அச்சிட்ட புடவைக்கும் அது பொருந்தும். கைத்தறியா என்பதற்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும், எந்த ஊர் நெசவு என்பதற்குப் புவிசார் குறியீடும் பதில் சொல்கின்றன. ஆரணிப் பட்டுக்கு அந்தக் குறியீடு இருக்கிறது. ஆகவே ஒரு சீட்டைக் கண்டு திருப்தி அடையாமல் மூன்றையும் கேட்பது வாங்குபவர் கடமை. டிசைன் நெய்ததா, அச்சிட்டதா என்ற ஒரு வரியை விலைச்சீட்டிலேயே போடுவது விற்பவர் கடமை. அந்த ஒரு வரிக்கு ஆகும் மைச்செலவு அற்பம். அது இல்லாததால் வரும் நட்டமோ நெசவாளியின் கூலியில் விழுகிறது.