தவணை தவறுவதற்கு முன்னால்

2021 டிசம்பர் நடுப்பகுதி வரை இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 சதவீதமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் அது 5.25 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் நடந்த இந்த ஏற்றம் பிரிட்டனில் லட்சக்கணக்கான குடும்பங்களின் மாதக் கணக்கைப் புரட்டிப்போட்டது. அங்கே பெரும்பாலோர் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்கு மட்டும் வட்டியை நிலையாக வைத்து மோர்ட்கேஜ் என்னும் வீட்டுக் கடன் எடுக்கிறார்கள். அந்தக் கெடு முடிந்ததும் அன்றைய வட்டிக்கு மாற வேண்டும். 2 லட்சம் பவுண்டு கடனை 2 சதவீத வட்டியில் 25 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 848 பவுண்டு போதும். அதுவே 6 சதவீதமானால் 1,289. சம்பளம் மட்டும் பழையபடியே இருக்கும்.

இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்கு அரசு என்ன செய்கிறது?

நேரடியாகப் பணம் தரும் திட்டம் ஒன்று உண்டு. ‘சப்போர்ட் ஃபார் மோர்ட்கேஜ் இன்ட்ரஸ்ட்’ என்று பெயர். யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுபவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கே அரசு பணத்தை அனுப்பிவிடும். ஆனால் அது வட்டிக்கு மட்டும்தான். அசலில் ஒரு பென்னிகூடக் குறையாது. கடனில் 2 லட்சம் பவுண்டு வரை கணக்கில் எடுப்பார்கள். பென்ஷன் கிரெடிட் பெறுபவர்களுக்குப் பொதுவாக 1 லட்சம்தான்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது வட்டி விகிதம். நீங்கள் உண்மையில் கட்டும் வட்டியை அரசு பார்ப்பதில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு விகிதத்தை வைத்தே கணக்குப் போடுகிறது. அந்த விகிதம் 3 சதவீதம், உங்கள் கடனின் வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கடனுக்கு மாத வட்டி 750 பவுண்டு. அரசு தருவது 375. மீதியை வேலையிழந்த குடும்பம் எங்கிருந்தோ புரட்டியாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2018 ஏப்ரல் வரை இந்தப் பணம் மானியம், திருப்பித் தர வேண்டியதில்லை. அதன் பிறகு இது கடனாகிவிட்டது. வீட்டின் மேல் இரண்டாவது அடமானமாகப் பதிவாகும், வட்டி ஏறிக்கொண்டே போகும், வீட்டை விற்கும்போதோ கைமாற்றும்போதோ கழித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே உதவி பெற்றுவந்தவர்களில் பெரும்பாலோர் புதிய கடனில் கையெழுத்திட முன்வரவில்லை. நெருக்கடியில் இருப்பவர்களிடம் இன்னொரு கடனை நீட்டினால் அவர்கள் தயங்குவது இயல்புதானே! ஆனாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: வீடு விற்ற பணத்தில் முதல் கடனை அடைத்தபின் மிச்சம் போதவில்லையென்றால், அரசு தன் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மறுத்துவிடுவது நஷ்டம்.

உதவி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டிய காலமும் பலமுறை மாறியிருக்கிறது. 2009 நிதி நெருக்கடியின்போது 13 வாரமாகக் குறைத்தார்கள். 2016இல் மறுபடி 39 வாரமாக்கினார்கள். முக்கால் ஆண்டு தவணை கட்டாமல் எந்தக் குடும்பம் வீட்டைக் காப்பாற்றும்? 2023 ஏப்ரலில்தான் யுனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களுக்கு இது மூன்று மாதமாகக் குறைந்தது. வேலையில் சிறு வருமானம் இருந்தாலே அவர்களுக்கு இந்த உதவி கிடையாது என்ற கொடுமையான விதியும் அப்போதுதான் நீங்கியது.

உதவித்தொகை எதுவும் பெறாத, வேலையில் இருக்கும் குடும்பங்களுக்கு வேறு வழி. 2023 ஜூனில் அன்றைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் பெரிய கடன் நிறுவனங்களைக் கூட்டி ‘மோர்ட்கேஜ் சார்ட்டர்’ என்ற உடன்பாட்டை உருவாக்கினார். இது சட்டம் அல்ல, நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்டது. இதன்படி ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டலாம். அல்லது கடன் காலத்தை நீட்டித்துவிட்டு ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பலாம். இதற்காக வருமானத்தைப் புதிதாகச் சோதிக்க மாட்டார்கள். கிரெடிட் ஸ்கோரும் கெடாது. முதல் தவணை தவறிய நாளிலிருந்து 12 மாதம், கடனாளியின் சம்மதம் இல்லாமல் வீட்டைப் பறிக்க மாட்டார்கள்.

ஆனால் முதல் இரண்டு சலுகைகளும் தவணை பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டுமே. விழுந்தவரைவிட விழப்போகிறவருக்கே இதனால் பயன். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். சீட்டு எடுத்தோ, சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கியோ சில மாதம் சமாளித்துவிட்டு, பாக்கி விழுந்த பிறகு வங்கியிடம் பேசினால் அந்த வாசல் மூடியிருக்கும்.

வழக்கு நீதிமன்றம் வரை போய்விட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நியாயமான காலத்துக்குள் பாக்கியை அடைக்க வாய்ப்பிருந்தால் வீட்டைப் பறிக்கும் உத்தரவைத் தள்ளிவைக்க நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அந்த ‘நியாயமான காலம்’ கடனின் மிச்சமிருக்கும் ஆண்டுகள் முழுவதுமாகவும் இருக்கலாம் என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இப்படி வாதாட வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் முதல், வீட்டைக் காலிசெய்யச் சொல்லி எழுத்துமூலம் அறிவிப்பு வந்த உடனேயே இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கிறது. விசாரணை நாளில் நீதிமன்றத்திலும் வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.